வேலையை விடாமல் வெள்ளவத்தையில் கோவொர்க்கிங் இடம் தொடங்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 34. கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை, வரியும் ஊழியர் சேமலாப நிதியும் கழித்துக் கைக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் வருகிறது. மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை, ஒரு மகன். நிலையான வைப்பில் 20 லட்சம் இருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கிட்ட ஒரு மேல்மாடி கிடைத்திருக்கிறது: வாடகை 2 லட்சம், 10 மாத அட்வான்ஸ், 2 வருட ஒப்பந்தம். அதைக் கோவொர்க்கிங் இடமாக்கி, அதாவது வேலை செய்ய இடம் தேடுகிறவர்களுக்கு மேசையை மாத வாடகைக்குக் கொடுத்து, 24 கதிரை போட்டு ஒவ்வொன்றையும் மாதம் 18,000 படி விட்டால் 4 லட்சத்து 32 ஆயிரம் வரும், வாடகையும் கரண்டும் போக ஒன்றரை லட்சமாவது மிஞ்சும். மேசை, கதிரை, ஏசிக்கு வேண்டிய 10 லட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்க யோசிக்கிறோம். வேலையை விடும் எண்ணமில்லை, அதனால் வியாபாரப் பதிவை அவள் பேரில் செய்யலாமா? ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

பதில்: தம்பி, வேலையை விடும் எண்ணமில்லை என்ற இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த வேலையே உங்கள் கணக்கில் ஒரு செலவு, அதை நீங்கள் எழுதவேயில்லை. காலை 8 மணிக்கு ஷட்டரைத் திறக்கப்போவது யார்? யாரோ ஒருவர் வைஃபை வேலை செய்யவில்லை என்று கூப்பிடும்போது நீங்கள் கொள்ளுப்பிட்டியில் மீட்டிங்கில் இருப்பீர்கள். ஆகவே முழுநேரம் ஒரு ஆள் வேண்டும். சம்பளம் 60,000 என்று வையுங்கள், அதற்கு மேல் முதலாளி பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும், மொத்தம் 69,000.

இப்போது முழுக் கணக்கையும் போடுவோம். வாடகை 200,000. பகல் முழுக்க ஏசி ஓடினால் கரண்ட் 70,000 (இது என் மதிப்புத்தான், முன்னம் அங்கே இருந்தவரின் பழைய பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வீட்டு விகிதமா வியாபார விகிதமா என்பதையும் பாருங்கள்). ஒரு லைன் விழுந்தால் மற்றது ஓட வேண்டும் என்பதால் இரண்டு இன்டர்நெட் இணைப்பு, 25,000. ஆளுக்கு 69,000. துப்புரவு, தேநீர், தண்ணீர் எல்லாம் 30,000. பழுது, உடைசல் 26,000. கூட்டினால் 420,000. ஒரு கதிரைகூடக் காலியில்லாமல் 24ம் நிரம்பினால் உங்களுக்கு மிஞ்சுவது 12,000 ரூபா. நகைக் கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபா வட்டி என்று வைத்தால்கூட அதில் 10,000 போய்விடும். மீதி 2,000ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது, கடற்கரையில் இரண்டு நாள் வடை சாப்பிடலாம்.

அதுவும் நிரம்பினால்தான். பாதிக் கதிரை போனால் வரவு 216,000, மாதம் 204,000 துண்டு விழும். உங்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்தில் வீட்டுக்கு மிஞ்சுவது 76,000, நகை வட்டியையும் அதிலேதான் கட்ட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் பாதி நிரம்பினாலே நல்ல வேகம் என்றுதான் நான் சொல்லுவேன்.

இந்த வியாபாரத்தின் நோய் வேறெங்கும் இல்லை, ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வீட்டுக்காரருக்கு 24 மாதம் கட்டுப்படுகிறீர்கள், உங்களிடம் வருகிறவரோ அடுத்த மாதமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். 2019 ஜனவரியில் 47 பில்லியன் டொலர் மதிப்புப் போட்ட அமெரிக்கக் கோவொர்க்கிங் கம்பனி வீவொர்க் 2023 நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனதற்கு, நீண்டகாலக் குத்தகைகளின் சுமை ஒரு முக்கியக் காரணம். அவர்களிடம் பெரிய பெரிய முதலீட்டாளர்களின் பணம் இருந்தது, உங்களிடம் இருப்பது அந்த 20 லட்ச வைப்பு, அதுவும் 10 மாத அட்வான்ஸுக்கே முடிந்துவிடும்.

அதனால் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது வாடகையைக் குறைப்பதைப் பற்றி மட்டுமல்ல. அட்வான்ஸ் 3 மாதம், இரண்டு மாத முன்னறிவித்தலில் நாங்கள் விலகலாம் என்ற விதி, விலகினால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்ற திகதி, இந்த மூன்றும் எழுத்தில் வேண்டும். கட்டிடம் வியாபாரப் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டதா என்று மாநகர சபையில் கேளுங்கள், வசிப்பிடமாக இருந்தால் அது தனித் தலையிடி. மூன்றுக்கும் அவர் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், காலி வீதியில் மேல்மாடிக்கா பஞ்சம்?

மனைவி பேரில் பதிவு என்பதில் எனக்கு விருப்பமில்லை. அரசாங்க ஆசிரியைக்குத் தாபன விதிக்கோவை என்று அரச ஊழியர்களுக்கான விதித் தொகுப்பு இருக்கிறது, அனுமதி எடுக்காமல் வேறு தொழில் செய்ய முடியாது. உங்கள் நியமனக் கடிதத்திலும் வேறு தொழில் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எச்ஆரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், யார் பேரில் பதிந்தாலும் நடத்துவது நீங்கள் என்பது கொழும்பில் எத்தனை நாளைக்கு மறையும்? அனுமதி கிடைத்தால் உங்கள் பேரிலேயே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். வரியிலும் ஒன்று: 2025/26க்கான 18 லட்ச வருட நிவாரணத்தை, அதாவது வரி விழாத பகுதியை, உங்கள் சம்பளமே முடித்துவிடுகிறது, எனவே வரும் இலாபத்துக்கு உங்கள் சம்பளத்தின் கடைசிப் பகுதிக்கு விழும் உயர்ந்த வீதமாவது விழும். நட்டம் வந்தாலோ அதைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. சேமலாப நிதியில் 30 வீதம் எடுக்கலாமே என்று யாராவது சொல்லுவார்கள், அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான்.

சரி, ஆசை இருக்கிறது, என்ன செய்யலாம்? உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தை வியாபாரமாக்குங்கள். மாலை 6க்குப் பிறகும் சனி ஞாயிறும் சும்மா கிடக்கிற ஒரு அலுவலகத்தையோ டியூஷன் மண்டபத்தையோ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, சீமா, ஏசிசிஏ என்ற கணக்கியல் பரீட்சைகளுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இரவில் வெளிநாட்டு வேலை செய்கிறவர்களுக்கும் மேசை கொடுத்துப் பாருங்கள். வீட்டில் நாலு பேர் சத்தம் போடுகிற ஃபிளாட்களில்தான் வெள்ளவத்தைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களுக்கு அமைதியே பெரிய சாமான். ஷட்டரை நீங்களே திறக்கலாம், ஆள் சம்பளமில்லை. இதற்கு 3 லட்சம் ஒதுக்குங்கள், அது முடிந்தால் நிறுத்துவோம் என்று இன்றைக்கே மனைவியிடம் சொல்லி வையுங்கள். நாலு மாதத்தில் 15 பேராவது ஒரு மாதக் கட்டணத்தை முற்பணமாகக் கட்டியிருந்தால் மேல்மாடியைப் பற்றித் திரும்பப் பேசலாம். ‘நல்ல ஐடியா, கட்டாயம் வாறன்’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லுகிறவர்களை அந்த 15இல் சேர்க்காதீர்கள். உண்மையில் கட்டியவர்களின் முற்பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், அது உங்கள் காசல்ல.

நகை அலுமாரியிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் போகும்போது காசோலைப் புத்தகத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், ஒப்பந்தத்தின் பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து எனக்கு அனுப்புங்கள்.