மீனில் எச்.பி.சி.டி: மொத்த அளவு போதாதா, கைரல் வடிவங்களையும் பிரிக்க வேண்டுமா?

மீன் தசையில் எச்.பி.சி.டி (ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெக்கேன்) என்னும் புரோமின் தீத்தடுப்பானின் மொத்த அளவை அறிந்தால் போதாதா, அதன் கைரல் வடிவங்களை, அதாவது ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான வடிவங்களை, எதற்காகத் தனித்தனியே அளக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இப்பொருள் மீனில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமே உங்கள் கேள்வியானால் மொத்த அளவு போதும். மீனின் உடலுக்குள் அதற்கு என்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் பிரித்தே ஆக வேண்டும்.

பாலிஸ்டைரீன் நுரைப் பலகைகளில் சேர்க்கப்பட்ட தொழிற்சாலைக் கலவையில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று அணுக்களின் அமைப்பில் வேறுபடும் மூன்று வடிவங்கள் முக்கியமானவை; அதில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ காமா. மீனில் பெரும்பாலும் காணப்படுவதோ ஆல்ஃபா. ஆல்ஃபா, பீட்டா, காமா ஒவ்வொன்றும் வலஞ்சுழி, இடஞ்சுழி என்னும் ஆடிப் பிம்ப இணையாகச் சம அளவில் உருவாகின்றன. சாதாரண வெப்பமும் வெளிச்சமும் இவ்விணையில் வேறுபாடு பார்ப்பதில்லை, நொதிகளே பார்க்கும். ஆகவே இணையில் வலஞ்சுழியின் பங்கு 0.5-இலிருந்து விலகினால் அங்கே உயிரியல் மாற்றம் நடந்திருக்கக்கூடும்.

இதற்கு, மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு வண்ணப்பிரிகை உதவாது. சுமார் 160 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆல்ஃபா, பீட்டா, காமா வடிவங்கள் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும். இன்னும் சூடேறினால் மூலக்கூறே சிதையும். எனவே திரவத்தில் கரைத்தே பிரிக்கும் நீர்ம வண்ணப்பிரிகையில், ஆடிப் பிம்ப வடிவங்களை வேறுபடுத்தும் பெர்மெத்திலேற்றிய பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் நிரப்பிய குழாயைக் கொண்டு இணைகளைப் பிரித்து, எதிர்மின் அயனியாக்கத்தில் 640.6 நிறையுள்ள அயனியிலிருந்து வெளிவரும் புரோமைடை (நிறை 79, 81) நிறை நிறமாலைமானியில் அளக்கிறோம்.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரு மீன் மாதிரியில் ஆல்ஃபாவில் வலஞ்சுழியின் பங்கு 0.5-க்குத் தெளிவாகக் கீழே வந்தபோது, மீனின் கல்லீரல் வலஞ்சுழியைத் தின்றுவிட்டது என்று மகிழ்ந்து, ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்லியும் விட்டேன். உண்மையில் மாதிரியைத் தூய்மைப்படுத்தியபோது எஞ்சிய கொழுப்பு, குழாயிலிருந்து ஒரு வடிவம் வெளிவரும் அதே நேரத்தில் வெளிவந்து, அதன் அயனியாக்கத்தை மட்டும் அடக்கியிருந்தது. மற்ற வடிவம் வேறு நேரத்தில் வந்ததால் தப்பியது. கார்பன்-13 என்னும் கனமான கார்பனால் குறியிட்ட, இரு ஆடிப் பிம்ப வடிவங்களும் சம அளவில் உள்ள ஆல்ஃபாவைச் செந்தரமாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளாக, மீனிலிருந்து பிரித்தெடுக்கும் முன்பே மாதிரியில் சேர்த்துப் பார்த்தேன்; அதில் வலஞ்சுழியின் பங்கும் அதே பக்கம் சாய்ந்தது. மீனைத் தொடாத அந்தச் செந்தரம் சாய்கிறதென்றால் குற்றம் மீனுடையது அன்று. டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) இட்ட செந்தரத்தை நான் இதற்குப் பரிந்துரைப்பதில்லை. அது குழாயிலிருந்து சற்று முன்னதாகவே வந்துவிடும் என்பதால் அதே அடக்குமுறைக்கு முழுதாக உள்ளாவதில்லை.

இன்னொன்றையும் செய்யுங்கள்: ஒரு மாதிரியில் குறியிட்ட காமாவை மட்டும் சேர்த்து, இறுதியில் குறியிட்ட ஆல்ஃபா தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால், மாதிரியைத் தயாரிக்கும்போதோ அளக்கும்போதோ படும் சூடே காமாவை ஆல்ஃபாவாக மாற்றிக்கொண்டிருக்கிறது. என் மாதிரியில் அது தென்படவில்லை. செந்தரத்தைக் கொண்டு திருத்திய பின் ஆல்ஃபாவில் வலஞ்சுழியின் பங்கு 0.5-ஐ ஒட்டி வந்து நின்றது, அதையே அறிக்கையில் எழுதினேன்.