டிவிடி மேல் நேரடியாக அச்சிட எந்த மென்பொருள்?

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம் எல்லாம் பென் டிரைவில் கொடுத்தாலும், கூடவே ஒரு டிவிடியும் கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதுவரை வட்ட ஸ்டிக்கர் அச்சிட்டு ஒட்டிக் கொடுத்தோம். ஒரு வாடிக்கையாளரின் கார் பிளேயருக்குள் ஸ்டிக்கர் உரிந்து டிஸ்க் சிக்கிக்கொண்டது. அதனால் டிஸ்க் மேலேயே அச்சிடலாம் என்று எப்சன் எல்805 பிரிண்டர் வாங்கிவிட்டேன். இணையத்தில் இதற்கென்று ஏகப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டை இறக்கிப் பார்த்தேன், தமிழ்ப் பெயர் உடைந்து வருகிறது. எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். வரைய ஒரு மென்பொருள், அச்சிட ஒரு மென்பொருள் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் அநேகமாக ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. ‘லேபிள் மேக்கர்’ என்று விற்கப்படுபவை இரண்டையும் சேர்த்துக் கட்டித் தருகின்றன. அந்தக் கட்டில் வரையும் பகுதிதான் பெரும்பாலும் தமிழுக்கு உதவாமல் போகிறது.

ஸ்டிக்கரை விட்டது நல்ல முடிவு. கார் பிளேயர் மட்டும் காரணமில்லை. டிவிடி என்பது 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளைப் பசை வைத்து ஒட்டியது. அது சுழலும் வேகத்தில், மையம் லேசாக விலகி ஒட்டிய ஸ்டிக்கர் கூட டிஸ்க்கை ஆட்டம் காண வைக்கும். வெயிலிலும் ஈரத்திலும் காகிதம் சுருங்கி விரியும்போது டிஸ்க்கும் கொஞ்சம் வளையும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட டிஸ்க் பராமரிப்புக் கையேடும், நெடுநாள் வைத்திருக்க வேண்டிய டிஸ்க்கில், அதிலும் டிவிடியில், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஏற்கெனவே ஒட்டியதை உரித்து எடுக்கவும் பார்க்காதீர்கள். சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்கத்து வார்னிஷுக்கு அடியிலேயே இருப்பதால் ஸ்டிக்கரோடு அதுவும் பெயர்ந்து வந்துவிடலாம்.

இனி அச்சிடும் மென்பொருள். இதை முடிவு செய்வது உங்கள் பிரிண்டர்தான். எல்805-க்கு எப்சனே இலவசமாகத் தரும் ‘பிரிண்ட் சிடி’ போதும். அதே நிறுவனத்தின் ‘ஃபோட்டோ பிளஸ்’ புதியது, அதிலும் டிஸ்க் லேபிள் அச்சிடலாம். கேனான் வைத்திருப்பவர்களுக்கு, டிஸ்க் டிரே (டிஸ்க்கை வைத்து பிரிண்டருக்குள் செலுத்தும் தட்டு) உள்ள மாடலாக இருந்தால், ‘ஈஸி ஃபோட்டோபிரிண்ட் எடிட்டர்’ இருக்கிறது. இவை அழகான மென்பொருள்கள் அல்ல. உள்ளே இருக்கும் பூ, பலூன் டிசைன்களை ஒரு கல்யாண வீட்டுக்கும் கொடுக்க முடியாது. ஆனால் டிரேயில் டிஸ்க் எந்த இடத்தில் உட்கார்கிறது என்பது இவற்றுக்குத் தெரியும். வேறு எந்த மென்பொருளில் அச்சிடப் போனாலும், தாள் அளவு, தாள் எடுக்கும் இடம், டிரே வகை எல்லாவற்றையும் நீங்களே சரியாகக் கொடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் படம் டிஸ்க்கில் பாதி, டிரேயில் பாதி என்று விழும். டிரேயில் படிந்த இங்க் அடுத்த டிஸ்க்கின் அடிப்பக்கத்தில், அதாவது லேசர் படிக்கும் பக்கத்தில், ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் சின்ன மென்பொருளில் நீங்கள் தொட வேண்டியவை இரண்டு அமைப்புகள். முதலாவது உள்வட்ட, வெளிவட்ட அளவு. டிஸ்க்கின் விட்டம் 120 மி.மீ., நடு ஓட்டை 15 மி.மீ. ஆனால் ‘பிரிண்டபிள்’ என்று விற்கும் டிஸ்க்கின் மேல்பக்கத்தில், இங்க் பிடிப்பதற்காக இருக்கும் வெள்ளைப் பூச்சின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் நடுவில் 40 மி.மீ.க்கும் அதிகமான விட்டத்துக்குப் பூச்சே இருக்காது. ‘ஃபுல் ஃபேஸ்’ என்று கடையில் சொல்வதில் ஓட்டையை ஒட்டி 22, 23 மி.மீ. வரை வெள்ளை வந்திருக்கும். பிரிண்ட் சிடியில் உள்விட்டத்தை 18 முதல் 46 மி.மீ. வரையும் வெளிவிட்டத்தை 114 முதல் 120 மி.மீ. வரையும் மாற்றலாம். அதில் முதலிலேயே இருக்கும் அளவு 43-க்கு 116. ஃபுல் ஃபேஸ் டிஸ்க் வாங்கிவிட்டு இதை மாற்றாமல் அச்சிட்டால் நடுவில் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். பிரிண்டர் மேல் குறை சொல்கிற பலர் இந்த ஒரு அமைப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்கேல் வைத்து உங்கள் டிஸ்க்கின் வெள்ளைப் பகுதியை அளந்து, ஒவ்வொரு ஓரத்திலும் அரை மி.மீ. உள்ளே தள்ளிக் கொடுங்கள். 18-க்கு 120 என்று கடைசி எல்லை வரை போனால் இங்க் பூச்சில்லாத இடத்தில் விழும், அங்கே அது காயவே காயாது.

இரண்டாவது, அச்சு விழும் இடத்தை மேலே கீழே, இடம் வலம் நகர்த்தும் அமைப்பு. ஒவ்வொரு பிரிண்டரிலும் ஒரு மி.மீ. முன்பின் இருக்கும். பர்ன் செய்யும்போது, அதாவது வீடியோவை டிஸ்க்கில் பதியும்போது, கெட்டுப்போன பிரிண்டபிள் டிஸ்க்குகளைத் தூக்கிப் போடாமல் இந்தச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கோட்டில் ஒரு வட்டம் அச்சிட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒருமுறை சரிசெய்தால் அந்த பிரிண்டருக்கு அது போதும்.

சரி, வரையும் மென்பொருளுக்கு வருவோம். உங்கள் தொல்லை இங்கேதான்.

தமிழ் ஏன் உடைகிறது? இன்று கணினிகளில் பொதுவாக இருக்கும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘பொ’ என்பது ‘ப’ முதலில், அதன் பின் ‘ொ’ என்ற குறி, இப்படித்தான் கணினிக்குள் இருக்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்கிற வேலையைத் திரையில் காட்டும் மென்பொருள் செய்ய வேண்டும். பல லேபிள் மென்பொருள்கள் ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நேர்வரியில் எழுதும்போது விண்டோஸின் தயவில் சில தப்பித்துவிடும். ஆனால் டிஸ்க்கின் ஓரத்தில் வளைத்து எழுதச் சொன்னால், ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக எடுத்துத் திருப்பி வைக்கும். புள்ளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கொம்புக்குப் பதில் புள்ளி வட்டம் என்று வந்து நிற்கும். அதனால் எந்த மென்பொருளாக இருந்தாலும் முதலில் ‘ஸ்ரீ’, ‘சௌபாக்கியவதி’, ‘பொன்னூஞ்சல்’, ‘திருவளர்ச்செல்வன்’ ஆகியவற்றை வளைவில் எழுதிப் பாருங்கள். ஒன்று உடைந்தாலும் அதை மூடிவிடலாம். மற்ற வசதிகளைப் பார்த்து நேரம் போக்க வேண்டாம்.

ஸ்டுடியோக்களில் ஆல்பம் டிசைன் ஃபோட்டோஷாப்பில்தான் நடக்கிறது, உங்களிடமும் இருக்கும். புதிய பதிப்பாக இருந்தால் எழுத்து சம்பந்தமான அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை வைத்தால் யூனிகோட் தமிழ் சரியாக வரும். பழைய பதிப்பு என்றால் யூனிகோட் உடையும். அங்கே பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களே கைகொடுக்கும். அவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருப்பதால், மென்பொருளுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வளைவிலும் வரிசை மாறாது, கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி மட்டும் கொஞ்சம் கூடும். அழைப்பிதழ் அச்சகங்கள் இன்னும் பழைய எழுத்துருவை விடாமல் வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஃபோட்டோஷாப் இல்லை, அல்லது கணினியில் இருப்பது கிராக் செய்தது என்றால், இன்க்ஸ்கேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோக்கும். ஒரு வட்டத்தை வரைந்து, எழுத்தையும் வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாதையில் பொருத்தச் சொன்னால் பெயர் வளைந்து உட்காரும். எனக்கு டிஸ்க் வேலைக்கு ஃபோட்டோஷாப்பை விட இதுதான் பிடிக்கும். மி.மீ. கணக்கிலேயே வரையலாம், எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. கோரல்டிரா பழகியவர்கள் அதிலேயே செய்யலாம்.

எதில் வரைந்தாலும் அளவு ஒன்றுதான். 120 மி.மீ. சதுரம், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 1417-க்கு 1417 பிக்சல். பின்னணிப் படத்தைச் சதுரம் முழுக்க நிரப்பிவிடுங்கள், வட்டமாக வெட்டுவதை அச்சிடும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பெயர்களை மட்டும் ஓரத்திலிருந்து நாலைந்து மி.மீ. உள்ளே வையுங்கள். ஃபுல் ஃபேஸ் டிஸ்க்கில் கூட ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது 48 மி.மீ. அகலமுள்ள வளையம்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் நெருங்கி நிற்கிற படத்தை நடுவில் வைத்தால் இரண்டு பேருடைய காதும் கன்னமும் ஓட்டையில் போய்விடும். ஆளுக்கொரு பக்கம் நிற்கிற படமாகவோ, இருவரும் மேல்பாதியில் வருகிற படமாகவோ எடுங்கள். முடிந்ததும் ஆர்ஜிபி நிறத்தில் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, பிரிண்ட் சிடியில் பின்னணிப் படமாக ஏற்றினால் போதும், அங்கே ஓர் எழுத்தும் தட்ட வேண்டியதில்லை. எழுத்து படமாகவே போவதால் உடைய வழியில்லை. மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டால், அடுத்த கல்யாணத்துக்குப் பெயரையும் படத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது.

மணமக்கள் பெயரோடு தேதி, ஊர், ‘டிஸ்க் 1’ அல்லது ‘டிஸ்க் 2’, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றையும் போடுங்கள். எண் முக்கியம். பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் காதுகுத்து வரும்போது டிஸ்க்கைத் தேடி எடுப்பார்கள்.

காசுக்கு விற்பவற்றில் ஷ்யூர்திங், அகூஸ்டிகா, ரோன்யாசாஃப்ட் ஆகியவை பெயர் பெற்றவை. என்சிஹெச் நிறுவனத்தின் டிஸ்கெட்ச் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். உங்களுடையது தொழில் என்பதால் அந்தச் சலுகை பொருந்தாது. பாடல் பட்டியலைத் தானாக எடுத்துப் போடுவது, விதவிதமான ஸ்டிக்கர் தாள்களுக்கு வார்ப்புரு தருவது இவற்றின் பலம். இரண்டும் உங்களுக்கு வேண்டாதவை. இவற்றின் கிராக் பதிப்புகளைத் தேடிப் போக வேண்டாம் என்று தனியாகவே சொல்கிறேன். இன்னும் ஒப்படைக்காத கல்யாண வீடியோக்கள் இருக்கிற கணினியில் ஒரு வைரஸ் புகுந்தால், மிச்சப்படுத்திய பணத்தை வைத்து என்ன செய்வது? ‘லைட்ஸ்கிரைப்’ என்று ஒரு பெயரும் கண்ணில் படலாம். லேசராலேயே மேல்பக்கத்தில் படம் பொறிக்கிற பழைய ஹெச்பி தொழில்நுட்பம் அது. தனி டிரைவும் தனி டிஸ்க்கும் வேண்டும், படமும் ஒரே நிறத்தில்தான் வரும். அது வழக்கொழிந்துவிட்டது, பழைய டிரைவை யாராவது மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

டிவிடி பெட்டியின் மேலுறைக்குள் செருகும் அட்டையையும் இன்க்ஸ்கேப்பிலேயே செய்யலாம். வழக்கமான டிவிடி பெட்டிக்கு 273-க்கு 183 மி.மீ., அதில் நடு முதுகு 14 மி.மீ. ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் அடங்கிவிடும்.

அச்சிடும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. முதலில் பர்ன் செய்து, முழுக்க ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் அச்சிட வேண்டும். மாற்றிச் செய்தால் கைரேகையும் தூசியும் பட்டு பர்ன் பாதியில் நிற்கும், அச்சிட்ட இங்க்கும் வீண். தாள் வகையில் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், ஃபோட்டோ பேப்பர் என்று இருந்தால் இங்க் அதிகமாகக் கொட்டும். வெள்ளைப் பூச்சு இங்க்கை உறிஞ்சுவதால் திரையில் பார்த்ததை விட முகம் கறுத்துத் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியே அனுப்புங்கள். கறுப்போ அடர் சிவப்போ டிஸ்க் முழுக்க நிரப்பும் டிசைன்களை நான் தவிர்ப்பேன். காய நேரமாகும், விரல் பட்டால் தடமும் பதியும். 24 மணி நேரம் தனித்தனியாகப் பரப்பி, வெயில் படாத இடத்தில் காயவிடச் சொல்கிறது எப்சன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். காய்ந்த பிறகும் சாதாரண பிரிண்டபிள் டிஸ்க்கில் ஈரக் கை பட்டால் நிறம் கரையும். தண்ணீர் தாங்கும் பளபளப்புப் பூச்சுள்ள டிஸ்க்கும் கிடைக்கிறது, விலை கூடுதல். அரங்கேற்றம் போன்ற விசேஷ ஆர்டருக்கு அதை வாங்கலாம், எல்லாவற்றுக்கும் தேவையில்லை.

ஒரு நாட்டியப் பள்ளியோ கோயில் விழாக் குழுவோ 500, 1000 என்று கேட்டால் இந்த பிரிண்டரில் இறங்காதீர்கள். டிரேயில் ஒவ்வொன்றாக வைத்து எடுப்பதற்குள் ஆள் ஓய்ந்துவிடும். டிஸ்க் பிரதி எடுத்து ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சிட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். அவர்களுக்கு பிஎன்ஜி வேண்டாம். எழுத்துகளையெல்லாம் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பிடிஎஃப் அனுப்புங்கள், அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் மாறாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மெல்லிய கோடும் பொடி எழுத்தும் அடைந்துபோகும் என்பதால், தடித்த எழுத்தில் இரண்டு மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.