செம்பருத்தியில் மாவுப்பூச்சி: மாதாமாதம் மருந்தடிக்கப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செம்பருத்தி வேலி முழுக்க மாவுப்பூச்சி. மாதம் ஒருமுறை ‘ஆர்கானிக்’ மருந்து அடிக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார் தோட்டப் பராமரிப்புக்காரர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் அடிப்பது என்றால் வேண்டாம். பார்வையிட்டு, தேவைப்பட்டால் மட்டும் அடிப்பது, அடித்த தடவைக்கு மட்டும் காசு என்று எழுதி வாங்குங்கள்.

‘ஆர்கானிக்’ என்ற வாய்வார்த்தையை நம்பாமல் புட்டியைக் கேளுங்கள். வேம்பு மருந்து என்றால் அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியை அடக்கும் பொருள்) எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), சி.ஐ.பி. (மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியம்) பதிவு எண், காலாவதி தேதி எல்லாம் லேபிளில் இருக்கும். அதிலுள்ள சாய்சதுரத்தில் சிவப்பு கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பச்சை மட்டும் போதும். லேபிள் இல்லாத வாட்டர் பாட்டிலில் ஊற்றி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மருந்துக்கு முன் கத்தரிக்கோல். வெள்ளை அப்பிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்தி, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும். எறும்பை விட்டுவைத்தால் எந்த மருந்தும் நிற்காது. யூரியாவை அள்ளிப் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். இளந்தளிர்தான் இந்தப் பூச்சிக்கு விருந்து.

பிறகு 1500 பி.பி.எம். வேம்பு மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், தேனீக்களும் நடமாடும். அதனால் மாலை 5 மணிக்கு மேல் அடிக்கட்டும். ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை தேவைப்படும். பூச்சி உடனே செத்து விழாது.

ஒரு எச்சரிக்கை: மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு, அதைவிடப் பெரிதாக, விறுவிறுவென ஊர்கிற புழு தென்பட்டால் அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் வேலை. அந்தச் செடியில் மருந்து வேண்டாம்.

கேள்வி: செக்கு வேப்பெண்ணெய் வாங்கினால் மலிவாயிற்றே?

பதில்: மலிவுதான்; ஆனால் அசாடிராக்டின் எவ்வளவு என்று தெரியாது. 10 மி.லி. எண்ணெயில் 2 மி.லி. சோப்புக் கரைசலை முதலில் அடித்துக் கலந்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால்போல் வெளுக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் இலை கருகும். முதலில் ஒரே கிளையில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.