நாலு பல்ப் போச்சு, யார் மேல் வழக்கு?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். பத்து வாரங்களுக்கு முன் ஒரு கராஜில் என் பழைய ஜப்பான் காருக்கு ரீகண்டிஷன் ஆல்டனேட்டர் போட்டேன். 38,000 ரூபா. பில்லில் ‘6 மாத வாரண்டி’ என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு நாலு ஹெட்லைட் பல்ப் போய்விட்டது. ‘பல்ப் டூப்ளிகேட்’ என்கிறார் கராஜ் பாஸ். ‘வண்டியைப் பாருங்கள்’ என்கிறார் பஞ்சிகாவத்தையில் பல்ப் விற்றவர். போன வாரம் காலி வீதியில் ஒற்றை லைட்டோடு போனதற்குப் பொலிஸ் தண்டமும் எழுதியது. யார் மேல் வழக்குப் போடலாம்?

பதில்: எரிந்த நாலும் எந்தப் பக்கத்துப் பல்ப் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கே அதில்தான் நிற்கிறது. ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போனால் அந்தப் பக்கத்து ஹோல்டர், ஏர்த், லைட்டுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஆல்டனேட்டர் போட்டவரை அதற்குப் பிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால், சந்தேகம் நேராக வோல்டேஜ் மேல், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டனேட்டர் மேல் விழும்.

அதனால் சட்டத்தரணியான என்னிடம் வருவதற்கு முன், கராஜோடு சம்பந்தமில்லாத ஓர் ஓட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, பற்றரியின் இரண்டு முனையிலும் மீட்டர் பிடிக்கச் சொல்லுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் சரி. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜை அளவில் வைக்க வேண்டிய ஆல்டனேட்டரின் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம். ஹலோஜன் பல்புக்கு வோல்டேஜ் சற்றே கூடினாலும் ஆயுள் பாதிக்குக் கீழே போய்விடும். அந்த அளவை, திகதியும் வண்டி இலக்கமும் போட்டு, கையெழுத்தோடு வாங்குங்கள். வாய்ச்சொல் எனக்கு உதவாது.

எரிந்த பல்புகளை எறிந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம், என்றைக்குப் போனது என்று எழுதி ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் அதிக வோல்டேஜ் என்ற கதைக்கு அது பொருந்தும். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உள்ளே காற்றுப் போயிருக்கிறது. இன்னொன்று, சங்கடமான கேள்விதான்: மாட்டும்போது கண்ணாடியை வெறுங்கையால் பிடித்தீர்களா? விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிக் கண்ணாடி பழுதாகும். எதிர்ப்பக்கம் இதை நிச்சயம் கேட்கும். 60/55 வாட்டுக்குப் பதிலாக ‘நல்ல வெளிச்சம்’ என்று 100 வாட் போட்டிருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள். நானே ஒருமுறை அந்த ஆசையில் ஹோல்டரை உருக்கியவன்.

மீட்டர் கராஜைக் காட்டினால், அவசரம் இங்கேதான். பில்லில் 6 மாதம் இருக்கிறதே என்று நீங்கள் ஆறுதலாக இருக்கிறீர்கள். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். வாரண்டி எத்தனை மாதம் என்பது வேறு, முறைப்பாட்டுக்கான காலம் வேறு. உங்களுக்குப் பத்து வாரம் முடிந்துவிட்டது. கையில் இருப்பது ஏறத்தாழ மூன்று வாரம், அவ்வளவுதான். வாரண்டிக்குப் பொருந்தாத பொருளென்று விசாரணையில் தெரிந்தால் மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவிடலாம். கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் அலுவலகம். 1977-க்கு அழைத்தும் விசாரிக்கலாம், ஆனால் அழைப்பு எழுத்துமூல முறைப்பாடாகாது.

அதே நாளில் கராஜுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சண்டை பிடித்திருந்தால் அதையும் அழிக்க வேண்டாம்.

பல்ப் கடைப் பக்கம் சாய்ந்தால் 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது: ஹெட்லைட்டுக்கென்று கேட்டு வாங்கிய பல்ப் அதற்கு உதவ வேண்டும். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் இருக்குமே, பணம் கொடுத்த பிறகு கைக்கு வந்த அந்த வரியை உங்கள் சம்மதம் என்று வாதிடுவது எளிதல்ல. ஆனால் நாலு பல்புக்காகப் புதுக்கடை நீதிமன்றத்தில் ஏறி இறங்க நான் சொல்லமாட்டேன்.

உங்கள் தொகைக்கு நேரே நீதிமன்றம் போகவும் வழியில்லை. முதலில் மத்தியஸ்த சபை. அங்கே இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழோடுதான் வழக்கு. பெரும்பாலும் அதற்கு முன்பே கராஜ்காரர் இறங்கிவருவார்.

பொலிஸ் தண்டத்தை நேரத்துக்குக் கட்டிவிடுங்கள். லைட் எரிகிறதா என்று பார்ப்பது ஓட்டுபவர் பொறுப்பு. அதைக் கராஜ் தலையில் கட்டுவது கடினம்.

அப்புறம், பாஸ் ‘கொண்டு வாங்க, சும்மா பார்த்துத் தாறேன்’ என்று கூப்பிடுவார். போகலாம். ஆனால் மீட்டர் அறிக்கை கைக்கு வருமுன் ஆல்டனேட்டரைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால், அந்தப் பழையதை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.