திமிங்கலத்தோடு நீந்தலாமா? டோங்கா கடலைப் பற்றிக் கேள்வி பதில்

தென் பசிபிக்கில் டோங்கா என்ற சிறிய தீவு நாடு. அதன் வடபகுதியில் இருக்கும் வவாவு தீவுகளுக்கு ஆண்டுதோறும் ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் வருகின்றன. அண்டார்டிக் கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, இணை சேரவும் குட்டி போடவும் வருகிற கூட்டம் இது. உரிமம் பெற்ற படகில் போனால் அவற்றோடு நீந்த டோங்காவில் சட்டம் இடம் கொடுக்கிறது. நான் நான்கு பருவங்கள் அங்கே படகில் வழிகாட்டியாக இருந்தேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ராஜேஷ், கோவை: அவ்வளவு பெரிய உயிரினம். மனிதருக்கு ஆபத்து இல்லையா அக்கா?

இருக்கிறது. திமிங்கலம் நம்மைத் தாக்க வராது, ஆனால் அதன் உடம்பே போதும். வளர்ந்த ஒன்று 12 முதல் 16 மீட்டர் நீளம் இருக்கும், பக்கத் துடுப்பு மட்டும் நான்கைந்து மீட்டர் வரும். 2020 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கரையோரம் ஒரு நீச்சல் பயணத்தில், திமிங்கலம் மோதி ஒரு பெண்ணுக்கு விலா எலும்புகள் முறிந்தன. அருகே குட்டி இருந்தது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே யாரும் போகக் கூடாது என்று நாங்கள் கத்துவது இதனால்தான்.

மலர், திருச்சி: எல்லோரும் தாயும் குட்டியும்தான் கவலை என்கிறார்கள். ஏன் அவ்வளவு கண்டிப்பு?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். வவாவு கடலில் தாய்க்குச் சாப்பாடு கிடையாது. அண்டார்டிக் கடலில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் மாதக்கணக்கில் உயிர் வாழ்கிறது, அதிலிருந்துதான் குட்டிக்குப் பாலும் சுரக்கிறது. பிறக்கும்போதே குட்டி நாலு மீட்டருக்கு மேல், எடை கிட்டத்தட்ட ஒரு டன். திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்குள் அது கொழுக்க வேண்டும். ஒரு படகு வந்து அவை இரண்டும் நகர்ந்தால், அந்த நீச்சலுக்கான செலவு தாயின் கொழுப்பிலிருந்துதான் போகும். இந்தப் பக்கம் கடையே இல்லாத ஊரில், கையிலிருக்கும் அரிசியை வைத்துப் பிள்ளை வளர்ப்பவளின் நிலைமை அது.

ஒரு படகு வந்து போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியம் இரண்டு என்று ஒரே தாயிடம் போய்க்கொண்டே இருந்தால் அது எப்போது பால் கொடுக்கும், எப்போது தூங்கும்? ஒவ்வொரு படகும் “நாங்கள் விதிப்படிதான் இருந்தோம்” என்று சொல்லும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் திமிங்கலத்தின் ஒரு நாளை மொத்தமாகக் கணக்குப் பார்ப்பவர் யாரும் அந்தப் படகுகளில் இல்லை.

அருண், சென்னை: ஒரு நேரத்தில் நான்கு பேர்தான் நீரில் இறங்கலாமாமே?

ஆமாம், நான்கு பேரும் உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டியும். ஸ்னார்க்கல் என்ற மூச்சுக்குழாய் மட்டும்தான், காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு போக முடியாது. நான்கு தலைகளை ஒரு வழிகாட்டி பார்த்துக்கொள்ள முடியும். எட்டுப் பேர் என்றால் யாராவது ஒருவர் கேமராவோடு பிரிந்து முன்னால் போய்விடுவார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகில் எட்டுப் பேர் வந்திருந்தால் இரண்டு முறை இறக்க வேண்டும். முதல் நான்கு பேருக்கு அழகான இருபது நிமிடம் கிடைத்தது, திமிங்கலம் மெல்ல நகரத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நான்கு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு “போதும், விட்டுவிடலாம்” என்று சொல்வது லேசான காரியம் இல்லை. என் முதல் பருவத்தில் ஒரு நாள் நான் அப்படிச் சொல்லவில்லை. குட்டியோடு இருந்த ஒரு தாயின் பின்னால் மூன்று முறை போய் இறக்கினோம், மூன்று முறையும் அவை ஆழத்துக்குப் போய்விட்டன. அன்று அந்தக் குட்டி மேலே வந்து மூச்சு வாங்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: சட்டம் இருக்கிறது சரி, யாராவது மதிக்கிறார்களா?

டோங்காவில் 2009-லேயே திமிங்கலம் பார்ப்பதற்கும் நீந்துவதற்கும் தனிச் சட்டம் வந்தது, 2013-ல் விரிவான விதிகள் வந்தன. எழுத்தில் நல்ல விதிகள்தான். ஆனால் வவாவுவில் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. படகுகள் நெருங்கியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறை திமிங்கலங்கள் விலகிப் போயின. படகு எப்படி நெருங்கியது என்பதைப் பொறுத்து விலகுவதும் மாறியது. ஒரு நீச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே கொடுக்க வேண்டிய ஓய்வு நேரத்தையும் பலமுறை கொடுக்கவில்லை.

நான் பார்த்தவரையில் படகோட்டிகள் கெட்டவர்கள் இல்லை. விதி உடைவது கடலில் இல்லை, கரையில் பணம் வாங்கும்போதே உடைந்துவிடுகிறது. “கட்டாயம் நீந்த வைப்போம்” என்று சொல்லி விற்றுவிட்டால், மாலை நாலு மணிக்கு இன்னும் யாரும் இறங்காத படகு என்ன செய்யும்? எந்தத் திமிங்கலம் கிடைத்தாலும் துரத்தும். அதனால் நீச்சலை உறுதி சொல்லி விற்பதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயணத்தை விற்கலாம். நீச்சல் அமைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சுந்தர், மதுரை: பேசாமல் தடை செய்துவிட்டால் என்ன?

அந்த எண்ணம் எனக்கும் வந்ததுண்டு. ஆனால் டோங்காவின் கதையையும் பாருங்கள். 1978 வரை அங்கே திமிங்கல வேட்டை நடந்தது. அந்த ஆண்டு மன்னர் நான்காம் தௌஃபாஆஹாவ் துபோவு ஆணையிட்டு நிறுத்தினார். இறைச்சியாகப் பார்த்த உயிரை, அப்புறம் விருந்தாளியாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஊர் அது. தங்கும் விடுதி, டாக்சி, சந்தையில் காய் விற்கும் அம்மா என்று பலருக்கும் இதில் வரும்படி இருக்கிறது. அதை ஒரே நாளில் பிடுங்க முடியாது. உரிமங்களைக் குறைக்கலாம், மிகச் சிறு குட்டியுள்ள தாயை முழுதாக விட்டுவிடலாம், கடலில் கண்காணிப்புப் படகு ஓட்டலாம். டொமினிக்கன் குடியரசின் சில்வர் பேங்க் பகுதியில் திமிங்கலங்களோடு நீந்த அழைத்துப் போக மூன்றே நிறுவனங்களின் கப்பல்களுக்குத்தான் உரிமம். அங்கே அந்த எண்ணிக்கைதான் பாதி வேலையைச் செய்கிறது.

நித்யா, புதுச்சேரி: நல்லபடியாக நடக்கிற இடம் ஒன்று சொல்லுங்களேன்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப், வடபகுதி. ஜூன், ஜூலையில் குள்ள மிங்கி திமிங்கலங்கள் வரும். 2003 முதல் அனுமதி பெற்ற சில படகுகளுக்கு மட்டும் இடம். படகிலிருந்து மிதக்கும் கயிறு விடுவார்கள். நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும், அவ்வளவுதான். திமிங்கலத்தை நோக்கி நீந்தக் கூடாது. அதற்கு விருப்பம் இருந்தால் அதுவே வரும். பல நேரம் வருகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறது. ஒவ்வொரு சந்திப்பையும் எழுதி ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கொடுப்பது அங்கே பழக்கமாகிவிட்டது. அந்தக் கயிறு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். யார் யாரிடம் போவது என்பதை அது திமிங்கலத்திடம் விட்டுவிடுகிறது.

கார்த்திக், ஈரோடு: திமிங்கலச் சுறாவோடு நீந்துவதும் இதே வகைதானா?

இல்லை, அது மீன். மூச்சு வாங்க மேலே வர வேண்டியதில்லை, பால் கொடுக்கும் தாயும் இல்லை. விதிகளும் வேறு.

தர்சினி, திருகோணமலை: அக்கா, எங்கட கோணேசர் மலையில நிண்டே நீலத் திமிங்கலம் பார்க்கலாம். இங்கேயும் நீந்த விடலாமே எண்டு சிலர் கேக்கினம்.

கோயிலுக்குப் போகிற வழியில் நின்று உலகத்தின் மிகப் பெரிய உயிரைப் பார்க்கிற பாக்கியம் வேறு எத்தனை ஊருக்கு இருக்கிறது, தர்சினி! இலங்கையில் அனுமதியில்லாமல் திமிங்கலத்தின் அருகே நீரில் இறங்கக் கூடாது, படகுகளுக்கும் தூர வரம்பு உண்டு. அது அப்படியே இருக்கட்டும். நீலத் திமிங்கலம் அங்கே இரை தேடுகிறது, ஒவ்வொரு முறை ஆழத்துக்குப் போவதும் அதற்குச் செலவு. பாறையிலிருந்து பார்ப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

வசந்தி, சேலம்: என் மகளுக்குப் பத்து வயது. டோங்கா போகிறோம். அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியாது. ஏமாந்து போவாளோ என்று பயமாக இருக்கிறது.

அவளை நீரில் இறக்க வேண்டாம். முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: நீந்த முடியாமல் போனால் என்ன சொல்வீர்கள், நீருக்கடி மைக் வைத்திருக்கிறீர்களா? மைக் இருக்கும் படகு என்றால், ஆண் திமிங்கலம் பாடும் இடத்தில் எஞ்சினை நிறுத்தி அதைக் கீழே விடுவார்கள். பாடுகிற திமிங்கலம் அருகில் இருந்தால் மைக்கே வேண்டாம், படகின் அடிப்பலகையில் காதை வைத்தாலே கேட்கும். என்னோடு வந்த ஒரு சிறுவன் அப்படியே முக்கால் மணி நேரம் படுத்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டபோது கையை மட்டும் ஆட்டினான், பேசாதீர்கள் என்று.