காது நரம்புக்கு அருகில் ரத்தக்குழாய் வளைவு: அறுவை சிகிச்சை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 49. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். சில மாதங்களாக வலது காதில் ஓயாத இரைச்சல். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எம்ஆர்ஐ எடுத்ததில் கட்டி இல்லை, ஆனால் வலது காது நரம்பை ஒட்டி ரத்தக்குழாய் வளைவு, இரண்டாம் வகை என்று அறிக்கை சொல்கிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் பல வாரங்கள் உள்ளன. அந்தக் குழாய் வெடித்துவிடுமா? சென்னையில் இருக்கும் என் அக்கா, உடனே அறுவை சிகிச்சை செய்துகொள் என்கிறார்.

பதில்: வெடிக்காது. சுவர் பலவீனமாகிப் புடைத்த ரத்தக்குழாய்தான் வெடிக்கும். உங்களுக்கு இருப்பது புடைப்பு அல்ல. இயல்பான குழாய் ஒன்று வளைந்து செல்கிறது, அவ்வளவுதான்.

அது அங்கே இருப்பதற்குக் காரணமும் உண்டு. சிறுமூளையின் முன்கீழ்த் தமனி என்று அதற்குப் பெயர். உள்காதுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மெல்லிய கிளை பெரும்பாலோருக்கு இதிலிருந்துதான் பிரிகிறது. ஆகவே அது செவி நரம்பின் பக்கம் வந்தே தீரும். பலருக்கு, நரம்பு செல்லும் எலும்புக் குழிக்குள்ளேயே நுழைந்து திரும்பும். காதில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் இதைப் பார்க்கிறோம். ஒரு காதில் மட்டும் இரைச்சல் உள்ளவரின் நல்ல காதுப் பக்கத்திலும் பார்க்கிறோம். ‘இரண்டாம் வகை’ என்பதைப் புற்றுநோயின் இரண்டாம் கட்டம் போல எண்ணிப் பயப்படாதீர்கள். அந்த எலும்புக் குழிக்குள் பாதி தூரத்துக்கு மிகாமல் வளைவு நுழைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். நோயின் கடுமைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

அறிக்கையில் எனக்கு நிம்மதி தந்த வரி, ‘கட்டி இல்லை’ என்பது. ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால், செவி நரம்பில் கட்டி உண்டா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

இனி உங்கள் தலைச்சுற்றல். புரண்டு படுத்தால் சுற்றுகிறது, சற்று நேரத்தில் அடங்குகிறது என்கிறீர்கள். இதைக் கேட்டவுடன் ரத்தக்குழாயை விட உள்காதில் இடம் மாறிய நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் மீதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. மருத்துவர் உங்களைச் சட்டென்று படுக்கவைத்து, கண் அசைவைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். தலையை முறைப்படி திருப்பும் எப்ளி பயிற்சியால், பலருக்கு ஒரே சந்திப்பில் குணமாகிறது. மாத்திரைகூடத் தேவைப்படாது.

அந்த வளைவே நரம்பை உறுத்தித் தொந்தரவு தருவதும் உண்டு. ஆனால் அது அரிது. அதற்கான அளவுகோல்களை 2016இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்தது. பெரும்பாலும் காரணமின்றி, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாக, குறைந்தது பத்து முறையாவது தலைச்சுற்றல் வந்திருக்க வேண்டும். சிலருக்குத் தட்டச்சு இயந்திரம் போல விட்டுவிட்டுப் படபடவென்று காதில் ஒலிக்கும். இவர்களுக்குக் குறைந்த அளவு கார்பமாசெபின் மாத்திரை நன்றாக உதவுகிறது.

இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை உடல் முழுவதும் தோல் உரியும் உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கலாம். சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது, இந்தியரிடமும் உண்டு. அதனால்தான் சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்று சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் அறிவுறுத்தியுள்ளன. ஊரிலிருந்து யாராவது இதை வாங்கி அனுப்பினால் தயவுசெய்து விழுங்கிவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சையை உங்கள் அக்கா அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். நரம்புக்கும் குழாய்க்கும் இடையே டெஃப்லான் பஞ்சு வைக்கும் அந்தச் சிகிச்சை, முகத்தில் மின்னல்போல் வெட்டும் வலிக்கும், ஒரு பக்க முகத் துடிப்புக்கும் நல்ல பலன் தருகிறது. காது இரைச்சலுக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. இருக்கும் செவித்திறனையே இழக்கும் அபாயமும் உண்டு. நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சந்திப்புக்கு முன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: சுற்றல் எத்தனை வினாடி நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், காது அடைத்ததா, தலைவலி வந்ததா. மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால் அதை முதலில் சொல்லுங்கள், வேறு ரத்தக்குழாய்களையும் ஆராய வேண்டியிருக்கும். கேட்கும் திறன் சோதனை இன்னும் செய்யவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். இரைச்சலுக்குக் காரணம் பல நேரங்களில் அந்தச் சோதனையின் வரைபடத்தில்தான் தெரியும்.

அந்தத் தமனியில் உண்மையாகவே பயப்பட வேண்டியது அடைப்பு. அது ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றால் வருவது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. தலைச்சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, நிற்கவே முடியாமல் சாய்ந்தாலோ உடனே 995ஐ அழையுங்கள்.