கமராவும் அம்மாவின் ஆல்பங்களும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். பிறந்தது இலங்கையின் வன்னியில், முள்ளியவளையில். மூன்று வயதில் அம்மா அப்பாவோடு இங்கே வந்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஒரு சமூகத் தொழில்முயற்சிக்கு உதவுகிறார். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வறுமைப்பட்ட இடங்களில் உள்ள 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் எடுக்கும் படங்களை வாழ்த்து அட்டையாகவும் நாட்காட்டியாகவும் அச்சிட்டு விற்று, அந்தக் காசில் அடுத்த வகுப்பை நடத்துகிறார்கள். இதை வன்னிக்குக் கொண்டுவர எனக்கு ஆசை. நண்பர்களிடமிருந்து பழைய கமராக்களும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்த மாதிரிக் கமரா அங்கே சரிவரும்? இதனால் பிள்ளைகளுக்கு ஒரு தொழில் அமையுமா? போரைக் கண்ட குடும்பத்துப் பிள்ளைகளின் மனக்காயத்துக்கு இது மருந்தாகுமா? கிளிநொச்சியில் தொடங்குவதா, முல்லைத்தீவிலா? அம்மாவின் பழைய ஆல்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கும் அது பிடிக்கவேண்டும்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்தக் கேள்விகளுக்காக இல்லை, அம்மாவின் ஆல்பங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

கேள்விகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எந்தக் கமராவும் சரிவரும், போனிலும் தொடங்கலாம். தொழில் அமையும். சாமத்திய வீடும் கலியாண வீடும் கோயில் திருவிழாவும் இருக்கும்வரை வன்னியில் படம் எடுக்கிறவன் பட்டினி கிடக்கமாட்டான். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, பஸ் போகிற இடமாகப் பாருங்கள். மனக்காயம் பற்றிய கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே உதவி என்று வந்த கோழிக்குஞ்சும் தையல் மெசினும்கூட அதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தன. உங்கள் வகுப்பில் வந்து இருக்கப்போகிற 13 வயதுப் பிள்ளை, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடிய 2012ஐ ஒட்டிப் பிறந்தது. அதற்குப் படம் எடுக்கப் பிடித்தால் எடுக்கட்டும். ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கி விளையாடும் பிள்ளையிடம் இது உன் எந்தக் காயத்துக்கு என்று யாராவது கேட்கிறார்களா?

சரி, உங்கள் திட்டம். இது புதிதும் இல்லை, கெட்டதும் இல்லை. குவாத்தமாலா நகரத்தின் குப்பைமேட்டில் வாழ்ந்த பிள்ளைகளின் கையில் 1991இல் ரொய்ட்டர்ஸ் படப்பிடிப்பாளராக இருந்த நான்சி மக்கேர் கமராவைக் கொடுத்தார். அது ஃபோட்டோகிட்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. அங்கே படித்த பிள்ளைகளே பிறகு படிப்பிக்கவும் செய்தார்கள். கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வெளிநாட்டுப் பெண் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த கதை ஆவணப்படமாகி 2005இல் ஒஸ்கார் வாங்கியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பிறகு நியூயோர்க் போய்த் திரைப்படம் படித்தான். டாக்காவில் ஷாஹிதுல் ஆலம் 1989இல் த்ரிக் என்ற பட நிறுவனத்தையும் 1998இல் பாட்சாலா என்ற படப்பிடிப்புப் பள்ளியையும் தொடங்கினார். வங்காளிகளின் வெள்ளத்தையும் வறுமையையும் வெளியிலிருந்து வருகிறவர்களே எடுத்துக்கொண்டு போன காலத்தில், இனி நாங்களே எடுப்போம் என்று நின்றவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால் உங்கள் ஆட்கள் முதலில் போய்ப் பார்க்கவேண்டிய இடம் டாக்காதான்.

ஆனால் இப்படி ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் முதலில் கேட்பது, எடுத்த படம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்றுதான். சோனாகாச்சிப் பிள்ளைகளின் படங்கள் நியூயோர்க்கில் சதபீஸ் ஏலத்துக்குப் போயின. அந்தக் காசு அவர்களின் படிப்புக்கு என்றார்கள், நல்லது. ஆனால் அந்தத் தாய்மாரின் அறைச் சுவர்களில் எத்தனை படம் தொங்கியது?

சிரிக்காதீர்கள், இது கிழவியின் வீண்கேள்வி இல்லை. 1984இல் பெஷாவருக்குப் பக்கத்து அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிரபிக்கின் அட்டையில் வந்தது. உலகம் முழுக்க அந்தப் பச்சைக் கண்களைப் பார்த்தது. அந்தச் சிறுமி ஷர்பத் குலா தன் படத்தை முதன்முதலாகப் பார்த்தது 2002இல், அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு.

இங்கேயும் பிள்ளைகள் கமராவுக்குப் புதியவர்கள் இல்லை. புத்தகப்பை கொடுத்தால் படம், சைக்கிள் கொடுத்தால் படம், மலசலகூடம் கட்டிக் கொடுத்தாலும் அதன் வாசலில் நிறுத்திவைத்து ஒரு படம். யாருக்கு இந்தப் படங்கள்? உங்களுக்குத்தான் தம்பி. காசு அனுப்புகிற ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் கணக்குக் காட்ட. பையை நெஞ்சுக்கு நேரே, அனுப்பியவரின் பெயர் தெரிகிற மாதிரிப் பிடிக்க எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் படத்தில் ஒரு பிரதி அந்தப் பிள்ளைக்கு வந்ததாக நான் அறியவில்லை. நீங்களும் எப்போதோ காசு அனுப்பியிருப்பீர்கள், படமும் கேட்டிருப்பீர்கள்.

கோபப்படாதீர்கள். இனித்தான் உங்கள் அம்மாவின் ஆல்பத்துக்கு வருகிறேன்.

அண்மையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி செத்துப்போனார். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுமலர், அடிக்கவேண்டும். ஆச்சிக்கு அடையாள அட்டைப் படம் இருந்தது. பக்கத்தில் போட ஆச்சியின் புருஷனுக்குப் படம் இல்லை. மூத்த மகனுக்கும் இல்லை. வீட்டில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள், கடைசியில் ஜேர்மனியில் இருக்கிற யாரோ தூரத்து உறவின் கலியாண ஆல்பத்தில் இருவரும் பந்தியில் இருந்து சாப்பிடுகிற படம் கிடைத்தது. ஸ்ரூடியோப் பெடியன் தகப்பனின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கோட்டும் ரையும் போட்டுவிட்டான். வாழ்நாள் முழுக்க வயலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர் கல்வெட்டில் வங்கி மனேஜர் மாதிரி இருக்கிறார். ஆனாலும் படம் கிடைத்ததே என்று அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள்.

எங்கள் படங்கள் எப்படிப் போயின என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது ஒரு பங்கு போனது. 2004 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் இருந்தவர்களுடையதைக் கடல் கொண்டுபோனது. மிச்சம் கடைசிப் போரில், 2008இலும் 2009இலும் போனது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடத்திலும் மூட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. ஆல்பம் பாரமான சாமான். படங்களை மட்டும் உருவி மடியில் செருகியவர்கள் உண்டு. தண்ணீருக்குள்ளால் வந்தபோது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றியது அடையாள அட்டையை மட்டும்தான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் வாசலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட உட்கார்ந்தார்களே, அவர்கள் மடியில் வைத்திருந்த படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? தபால்தலையளவு படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து முகம் கரைந்துபோனவை எத்தனை!

எங்கள் அம்மா கெட்டிக்காரி. அண்ணன் 1980களில் ஜேர்மனிக்குப் போன பிறகு, வீட்டில் எந்த விசேஷத்துக்குப் படம் கழுவினாலும் இரண்டு பிரதி கழுவிப்பார். ஒன்று எங்களுக்கு, ஒன்று அவனுக்கு. அனுப்புகிற பிரதியின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் நுணுக்கி எழுதுவார். எங்களிடம் இருந்த பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜேர்மனியில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அத்தனையும் இருந்திருக்கின்றன. கேட்டவுடன் அண்ணன் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் தள்ளிவிட்டான். முகங்கள் மங்கல், ஓரமெல்லாம் மேசை விளக்கின் வெளிச்சம். பின்பக்கத்தை எடுக்கவேயில்லை. நான் ஏசின ஏச்சில் ஒரு மாதம் கதைக்காமல் இருந்தான். பிறகு ஸ்கானரில் போட்டு ஒழுங்காக அனுப்பினான், இரண்டு பக்கமும். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறதைப் பார்க்கப் போன அப்பா குளக்கட்டில் குடையோடு நிற்கிறார். படம் சுமார்தான், தலையில் பாதி குடைக்குள். பின்னால் அம்மாவின் எழுத்து: “வரும்போது குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டு வந்தார். மூன்று நாள் காய்ச்சல்.” அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த கதையை எனக்குச் சொல்ல இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் கலியாணப் படத்தை எடுங்கள். மாப்பிள்ளை பொம்பிளையை விடுங்கள், பின்வரிசையைப் பாருங்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிற பெண், கதவோரம் எட்டிப் பார்க்கிற பெடியன், சமையல் பக்கம் அகப்பையோடு நிற்கிறவர். உங்களுக்கு அவர்கள் யாரோ. இங்கே முள்ளியவளையிலோ தண்ணீரூற்றிலோ யாரோ ஒருவருக்கு அது அம்மா, தம்பி, அப்பா. அவர்களிடம் வேறு படம் இல்லை. ஊரின் முகங்கள் முழுக்க உங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோ அடுக்குமாடிகளின் அலுமாரிகளுக்குள் இருக்கின்றன. அதைத் திறந்து பார்க்காமல் எங்கள் பிள்ளைகளுக்குப் பழைய கமரா அனுப்பப்போகிறீர்கள்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன், அப்படியே செய்யுங்கள். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஒட்டுப்பசைப் பக்கமாக இருந்தால் பல் சுத்தம் செய்கிற நூலைக் கீழால் விட்டு மெதுவாகக் கிளப்புங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கான் செய்யுங்கள். 600 டிபிஐக்குக் குறையவேண்டாம், கூட்டமாக நிற்கிற படத்தில் ஒரு முகத்தைப் பிரித்துப் பெருப்பிக்க அது தேவைப்படும். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஸ்கான் செய்யுங்கள், ஸ்ரூடியோவின் முத்திரை இருந்தால் ஊரும் காலமும் பிடிபடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பவே வேண்டாம், அது நசுக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அப்புறம் அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருத்தி ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். போனில் குரலைப் பதியுங்கள். அம்மா நடுவில் கதை சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். உங்களுக்கு வேலை, நேரமில்லை, தெரியும். அம்மாவுக்கும் வயது போகிறது.

வகுப்பையும் இதிலிருந்தே தொடங்கலாம். வந்த படங்களைப் பிள்ளைகள் முதலில் சுத்தம் செய்து அச்சிடட்டும். பெயர் தெரிந்ததை வீடு தேடிப் போய்க் கொடுக்கட்டும். கொடுக்கிற வீட்டில் ஒரு ஆச்சியையோ ஐயாவையோ முற்றத்து வெளிச்சத்தில் இருத்திப் புதுப்படம் ஒன்று எடுக்கட்டும், விருப்பமா என்று கேட்டுவிட்டு. அடுத்த கிழமை அதன் பிரதியோடு திரும்பிப் போகட்டும். வெளிச்சம், தூரம், முகம், பொறுமை எல்லாம் அதிலேயே படிக்கலாம். கமராவுக்கு ஒதுக்கும் காசில் பாதியைத் தாளுக்கும் மைக்கும் ஒதுக்குங்கள்.

நாட்காட்டி விற்பது உங்கள் ஆட்களின் பாடு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, இங்கே படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான், அவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும். 14 வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கி அதைப் பறிக்கிற வேலை வேண்டாம். தமிழில் எழுதி, தாயையோ தகப்பனையோ பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் படம் ஏதாவது அம்மாவிடம் இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். முள்ளியவளைக்காரர் அந்தப் பொங்கலுக்குப் போகாமல் இருந்திருக்கமாட்டார்கள், கூட்டத்தில் நிறைய முகம் இருக்கும். கமராக்கள் பிறகு வரட்டும், சார்ஜரோடு. சார்ஜர் இல்லாமல் வந்த ஒரு பெட்டி இங்கே ஒரு பாடசாலை அலுமாரியில் இன்னும் கிடக்கிறது.

அன்புடன்,
அக்கா